ஜாமீன் கையெழுத்து

"நெசவாளியின் மகன்
கடலடியில் மலை கண்டான்."
பேப்பரில் அப்பாவுக்குக் கிடைத்த இடம்
ஆறாம் வேற்றுமை.
எனக்கு அதுவும் இல்லை.
சரி, நான் சொல்கிறேன்.

மாசிலாமணி நெய்தது பட்டு இல்லை.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நாலு விசைத்தறி.
அக்னி நட்சத்திர வெயிலில் அவர் நெய்தது கம்பளி.
ஏசி பெட்டியில் மடித்து வைப்பார்களே,
அந்தச் சாம்பல் நிறம்.
குளிர் என்பது அப்பாவுக்கு
டெண்டர் பேப்பரில் வரும் ஒரு சொல்.
ராத்திரி பத்து மணிக்கு
அவர் முதுகில் ஒட்டிய ரோமத்தை
ஈரத் துணியால் துடைத்து எடுப்பேன்,
ஆட்டுக்கு முடி வெட்டுகிற மாதிரி.

ரயில்வே திருப்பி அனுப்பும்:
எடை குறைவு. ஓரம் பிசிறு. சாயம் திட்டுத் திட்டு.
திரும்பி வந்த மூட்டைகளின் மேல்தான்
நானும் குணாளனும் படுத்து வளர்ந்தோம்.
வேண்டாம் என்று சொன்னதெல்லாம்
அவ்வளவு மெத்தென்று இருந்தது.

நெசவு மட்டும் என்று நினைக்காதீர்கள்.
தறி நின்ற மாதங்களில்
வால்டாக்ஸ் ரோட்டில் வண்டி போட்டுப் பனீர் விற்றார்.
பனீர் கொண்டு வந்து போட்ட ஜெகதீசன்
பாக்கி கேட்டு வீட்டுக்கு வந்தான்,
வந்தான், வந்தான்,
என்னைக் கட்டிக்கொண்டான்.
பாக்கி அப்படியேதான் இருக்கிறது.

அதுவும் நொடித்தபின்
ராயபுரத்தில் ஒரு கிடங்குக்கு கேட்கீப்பர்.
கயிற்றை இழுத்தால் கம்பு எழும்பும்.
உள்ளே போன லாரி, வெளியே போன லாரி,
நோட்டில் இரண்டு பத்தி.
பள்ளிவிட்டு வந்து அங்கே உட்கார்ந்த அண்ணன்
கன்டெய்னர் மேல் இருந்த ஊர்ப் பெயர்களை
எழுத்துக் கூட்டுவான்:
போர்ட் க்ளாங். ரோட்டர்டாம். ஜெனோவா.
"பேரைப் படிக்காதடா,
நம்பரைப் படி" என்பார் அப்பா.

தங்கசாலையில் சீட்டுக் கம்பெனி.
எடுத்தார், கட்டவில்லை.
வேறு யாரும் முன்வராததால்
பத்தொன்பது வயதுப் பையன் ஜாமீன் போட்டான்.
ஆளுக்கொரு படம் எடுத்தால் செலவென்று
ஒரே ஸ்டூலில் நெருங்கி உட்கார்ந்தார்கள் இருவரும்.
பத்திரத்தில் அந்தப் படம், அதன் மேல் ரப்பர் முத்திரை.
அடுத்த மாதம் அவன் கப்பல் ஏறினான்.
ஆசை இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் ஏழு வருடம் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும்
அவன் முதலில் தேடியது
பணம் அனுப்புகிற கவுன்ட்டரை.

போன வாரம் வாட்ஸ்அப்பில் வந்தான்.
தெற்கே, ரொம்பத் தெற்கே,
ஆய்வுக் கப்பலில்.
திரையில் மலையைக் காட்டினான்:
நீலத்துக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் சிவப்பு.
அப்பா அதைப் பார்க்கவேயில்லை.
"தோள் மேல என்ன அது?"
"கம்பளிப்பா."
"எந்த லாட்டு?"
"திரும்பி வந்ததுதான்."
"ஓரத்தைக் காட்டு."
போனைக் கிட்டே கொண்டுபோனான். சிக்னல் நின்றது.
உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து
ரொம்ப நேரம்
நாலைந்து பிசிறு நூல் மட்டும் தெரிந்தது.
கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"எடை சரியாத்தான் இருந்திருக்கு.
அந்த இன்ஸ்பெக்டர் திருட்டுப் பய."

சாயங்காலம் பேப்பர்காரர் போன் செய்தார்,
அப்பாவும் மகனும் சேர்ந்த படம் வேண்டுமாம்.
பீரோவைக் குடைந்தேன். இருந்தது அது ஒன்றுதான்.
தொகையை மறைத்து,
கையெழுத்துகளை மடித்து உள்ளே தள்ளி,
போனில் எடுத்து அனுப்பினேன்.
அவர்களும் நாலு பக்கமும் நன்றாக வெட்டித்தான் போட்டார்கள்.

இருந்தும், உற்றுப் பாருங்கள்,
அப்பாவின் இடது தோளில்
ஊதா மையில் ஒரு கால்வட்டம்.
அது மட்டும் போகவில்லை.